கதவின் குடுமி தரைக்குள்: ஃப்ளோர் ஸ்பிரிங் தேர்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

பழைய வீடுகளின் கனமான மரக்கதவுகள் பலவற்றில் கீல் இருப்பதில்லை. கதவுப் பலகையின் ஓர் ஓரத்தில் மேலும் கீழுமாக நீண்டிருக்கும் குடுமிகளே அந்தக் கதவைச் சுமக்கின்றன. கீழ்க்குடுமி வாசற்படியில் குடைந்த குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. மேற்குடுமி நிலையின் மேற்சட்டத்தில் நின்று கதவைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. கோயில்களின் பெருங்கதவுகளும் இதே முறையில்தான் நிற்கின்றன. கதவின் எடை முழுவதும் நேராகத் தரைக்கு இறங்கிவிடுவதால், எத்தனை கனமான கதவின் எடையும் நிலையின் மேல் ஏறுவதில்லை.

இன்று ஜவுளிக்கடை, வங்கி, மருத்துவமனை ஆகியவற்றின் நுழைவாயிலில் நாம் தள்ளித் திறக்கும் சட்டமில்லாக் கண்ணாடிக் கதவும் அந்தக் குடுமிக் கதவின் வழித்தோன்றல்தான். வேறுபாடு ஒன்றே: கீழ்க்குடுமி உட்காரும் குழிக்குள் இப்போது ஒரு ஸ்பிரிங்கும் எண்ணெயும் நிறைந்த இரும்புப் பெட்டி இருக்கிறது. நாம் கதவைத் தள்ளும்போது அந்த ஸ்பிரிங் இறுகுகிறது. கையை விட்டதும் அது விரிந்து கதவை மெல்லத் திருப்பிக் கொண்டுவருகிறது. கடைக்காரர்களும் கண்ணாடி வேலை செய்பவர்களும் இதை ஃப்ளோர் ஸ்பிரிங் என்கிறார்கள். தரைக்கு மேலே நம் கண்ணுக்குத் தெரிவது, ஏறத்தாழ ஓர் அடி நீளமான எவர்சில்வர் மூடித் தகடு மட்டுமே.

கதவின் மேல்பகுதியில் கையைப் போல மடங்கி நிற்கும் சாதாரண டோர் குளோசரை வாங்குவதற்கும் இதை வாங்குவதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. மேலே பொருத்தும் குளோசர் கதவை மூட மட்டும் செய்கிறது. கதவைச் சுமக்கும் வேலை கீல்களுடையது. குளோசர் பழுதானால் நான்கு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். ஃப்ளோர் ஸ்பிரிங்கோ கதவை மூடுவதோடு சுமக்கவும் செய்கிறது, அதுவும் தரைக்குள் புதைந்து நின்றபடி. ஆகவே அதைத் தேர்ந்தெடுப்பவர் கதவையும் தரையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், கொத்தனார் தளம் போடுவதற்கு முன், இந்த முடிவு எடுக்கப்பட வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான தொல்லைகள், இந்த வரிசை தலைகீழானதால் வந்தவையே.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

தரையில் முதலில் பதிக்கப்படுவது வெறும் தகரப் பெட்டி. அதைச் சிமென்ட் பெட்டி என்பார்கள். அதற்குள் இறங்கி உட்காரும் இயந்திரப் பகுதிதான் உண்மையான குளோசர். அதன் ஒரு முனையில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த அச்சுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். கதவின் கீழ்ப்பட்டை அந்த ஸ்பிண்டிலின் தலையில் செருகி நிற்கிறது. கதவு திரும்பும்போது ஸ்பிண்டிலும் திரும்புகிறது. அதனோடு இணைந்த, கேம் எனப்படும் வட்டமல்லாத சக்கரம், உள்ளே இருக்கும் பிஸ்டனை நகர்த்தி ஸ்பிரிங்கை இறுக்குகிறது. கதவு திறக்கும்போது எண்ணெய் ஒரு பெரிய வழியில் தடையின்றி மறுபக்கம் போய்விடும். மூடும்போது அந்த வழி அடைபட்டுவிடும். எண்ணெய் திரும்பி வருவதற்கு ஊசித்துளை போன்ற சிறு வழிகள் மட்டுமே மிஞ்சும். அந்தச் சிறு வழியில் எண்ணெய் நெருக்கிக்கொண்டு வரும் வேகமே கதவு மூடும் வேகம்.

அந்தச் சிறு வழிகளைக் கூட்டவும் குறைக்கவும் மூடித் தகட்டுக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு திருகு வால்வுகள் இருக்கும். ஒன்று, விரியத் திறந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி வரை கதவு வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மற்றொன்று அந்தக் கடைசி 20 டிகிரியைக் கவனித்துக்கொள்கிறது. பூட்டு நாக்கு உள்ள கதவு கடைசி அங்குலத்தில் சற்று உந்தி அடைபட வேண்டும்; பூட்டு நாக்கு இல்லாத கண்ணாடிக் கதவு நடுக்கோட்டில் ஆடாமல் வந்து நின்றால் போதும். இந்த இரண்டாவது வால்வு இருப்பது அதற்காகத்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். வால்வு வேகத்தை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் வலிமையை அது ஒரு நூலளவும் கூட்டாது. கதவு முழுவதும் மூடாமல் பாதியில் நின்றால், வால்வைத் திறந்துவிடுவதால் கதவு அந்தப் பாதிவரை வேகமாக வந்து நிற்கும், அவ்வளவே. சில மாதிரிகளில் ஸ்பிரிங்கின் வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு திருகு உண்டு. பல மலிவான மாதிரிகளில் அது கிடையாது. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

எடையைவிட அகலம்

சென்னையில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தின் கதவு வேலையில் நான் உடனிருந்தேன். 1200 மி.மீ. அகலமும் 2100 மி.மீ. உயரமும் கொண்ட ஒற்றைக் கண்ணாடிக் கதவு அது, 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினப்படுத்தியது. கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது எளிது: ஒரு சதுர மீட்டருக்கு, தடிமனின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. ஆகவே 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. அந்தக் கதவு ஏறத்தாழ 76 கிலோ. கடையில் "நூறு கிலோ தாங்கும்" என்று சொன்ன ஃப்ளோர் ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள். அது எடையைத் தாங்கியது உண்மை. ஆனால் கதவு ஒரு நாளும் முழுதாக மூடவில்லை. குளிர்சாதனம் ஓடும் நேரத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றுகொண்டேயிருந்தது. மூன்று முறை ஆள் வந்து வால்வைத் திருகிப் பார்த்தார். மூன்றாவது முறை வால்வு மிகத் திறந்துவிட்டதால், குளிர்சாதனம் நிறுத்தப்பட்ட ஒரு மாலையில், இரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு முதியவரின் முழங்கையில் கதவு பாய்ந்து வந்து இடித்தது. அன்றுதான் எல்லாரும் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததை முழுதாகப் படித்தோம். அதிகபட்ச எடைக்குப் பக்கத்திலேயே அதிகபட்ச அகலம் 950 மி.மீ. என்று இருந்தது.

அகலத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கதவின் எடை ஸ்பிண்டில் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் அதைத் தூக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் வேலை கதவைச் சுழற்றுவதும், சுழலும் கதவைச் சரியான இடத்தில் அடக்குவதும். ஒரே எடையுள்ள இரண்டு கதவுகளில் ஒன்று 900 மி.மீ., மற்றது 1200 மி.மீ. அகலம் என்றால், அகலமான கதவைச் சுழற்றவும் அடக்கவும் தேவைப்படும் முயற்சி ஏறத்தாழ 1.8 மடங்கு. காற்று தள்ளும் திருப்புவிசையும் அகலத்தின் இருபடிக்கு ஒத்தே கூடுகிறது. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் எடையையும் அகலத்தையும் சேர்த்தே அளவு சொல்கிறார்கள்.

கதவடைப்பான்களுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1154 இதற்கு 1 முதல் 7 வரை அளவெண்கள் தருகிறது. அளவு 2 என்பது 850 மி.மீ. அகலமும் 40 கிலோ எடையும் கொண்ட கதவு வரைக்கும். அளவு 3 என்பது 950 மி.மீ., 60 கிலோ. அளவு 4 என்பது 1100 மி.மீ., 80 கிலோ. அளவு 5 என்பது 1250 மி.மீ., 100 கிலோ. அகலம், எடை இரண்டில் எது பெரிய எண்ணைக் கேட்கிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன பரிசோதனை நிலையக் கதவுக்கு எடைப்படி அளவு 4 போதும். அகலப்படி அளவு 5 வேண்டும். இந்தியாவில் கனமான கதவுகளுக்கான ஃப்ளோர் ஸ்பிரிங்குக்கென்றே ஐஎஸ் 6315 என்ற தனித் தரநிலை உண்டு. அரசு ஒப்பந்தப் பணிகளில் அந்த எண்ணைக் காணலாம். கடையில் கிடைக்கும் பொருள்களிலோ ஈஎன் அளவெண்ணே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டில் எதுவும் இல்லாமல் கிலோ மட்டும் எழுதியிருக்கும் பெட்டியை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

காற்றும் கையும்

பட்டியலில் உள்ள அளவு, காற்று அசையாத அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. நம் கட்டடங்களில் கதவின் இருபுறமும் காற்றழுத்தம் ஒன்றாக இருப்பது அரிது. குளிர்சாதனம் உள்ளே காற்றைத் தள்ளும். கழிப்பறை விசிறி வெளியே இழுக்கும். மாடிப்படிக் கூடம் புகைபோக்கியைப் போலக் காற்றை ஏற்றும். கடற்கரைச் சாலைக் கட்டடமாக இருந்தால் மாலையில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இதன் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவின் இரு பக்கங்களுக்கும் இடையே 25 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருக்கிறது என்று கொள்வோம். 25 பாஸ்கல் என்பது 2.5 மி.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான். உடம்பில் உணரக்கூட முடியாது. ஆனால் 2.1 சதுர மீட்டர் பரப்பின் மேல் அது ஏறத்தாழ 52 நியூட்டன் விசையாகிறது. ஸ்பிண்டில் கதவின் ஓரத்திலிருந்து 65 மி.மீ. உள்ளே இருப்பதாக வைத்துக்கொண்டால், கதவை அது ஏறத்தாழ 23 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையோடு திறக்கப் பார்க்கிறது. அளவு 3 குளோசர் மூடும் நிலையில் தர வேண்டிய திருப்புவிசை 18 முதல் 26 நியூட்டன் மீட்டர். ஆக, கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்றும் அளவு 3 ஸ்பிரிங்கும் சமபலத்தோடு மல்லுக்கட்டி நிற்கும். கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். பரிசோதனை நிலையத்தில் நடந்தது இதுதான்.

அப்படியானால் எப்போதும் பெரிய அளவையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அது காற்றுக்கு நல்லது, கைக்குக் கெடுதல். கதவை மூடும் விசை முழுவதும், திறக்கிறவர் தன் கையால் ஸ்பிரிங்குக்குக் கொடுத்து வைப்பதுதான். உள்ளே இழக்கப்படும் உராய்வையும் அவரே கொடுக்க வேண்டும். 26 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையை, ஸ்பிண்டிலிலிருந்து 80 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் வென்றாக வேண்டுமென்றால், உராய்வைச் சேர்க்காமலேயே 32 நியூட்டன் விசை தேவை. அமெரிக்க அணுகல்தன்மைத் தரநிலை, தீத்தடுப்புக் கதவு அல்லாத உள்கதவுகளை 5 பவுண்டு விசையில், அதாவது ஏறத்தாழ 22 நியூட்டனில், திறக்க முடிய வேண்டும் என்கிறது. அதே தரநிலை, கதவு 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வர ஐந்து நொடியாவது எடுக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஊன்றுகோலோடு வருபவர், கையில் குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வருபவர் ஆகியோரை வைத்துப் பார்த்தால், இந்த எண்கள் தாராளமானவை அல்ல என்பது விளங்கும். மருத்துவமனைக் கதவைத் தேர்ந்தெடுப்பவர் இந்த ஐந்து நொடியை எங்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே கதவை முதலில் குறுக்க வேண்டும், பிறகு ஸ்பிரிங்கைத் தேட வேண்டும். பரிசோதனை நிலையத்தில் கடைசியில் செய்ததும் அதுதான். 1200 மி.மீ. திறப்பை 1000 மி.மீ. கதவாகவும் 200 மி.மீ. அசையாக் கண்ணாடியாகவும் பிரித்து, அளவு 4 ஃப்ளோர் ஸ்பிரிங் வைத்தோம். உள்ளே காற்று தள்ளிக்கொண்டிருந்த குளிர்சாதனத்துக்குக் காற்று திரும்பும் வழியையும் சரிசெய்தோம். 900 மி.மீ. கதவாகவே குறைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். குறைத்திருக்க முடியாது. ஸ்பிண்டில் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், திறந்த கதவின் ஒரு சிறு பகுதி வாசலை அடைத்துக்கொண்டே நிற்கும். 900 மி.மீ. கதவு 830 மி.மீ. அளவுக்குத்தான் வழி விடும். சக்கர நாற்காலிக்கு 900 மி.மீ. தடையற்ற அகலம் வேண்டும் என்பது நம் நாட்டு அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் கணக்கு. வரைபடத்தில் கதவின் அகலத்தை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுப்பவர்கள் இந்த 70 மி.மீ. இழப்பை மறந்துவிடுகிறார்கள்.

தரை இடம் கொடுக்கிறதா

சிமென்ட் பெட்டி மாதிரிக்கு மாதிரி வேறுபட்டாலும் 40 முதல் 60 மி.மீ. ஆழம் கேட்கும். தரைத்தளத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. மாடிகளில் நிலைமை வேறு. கான்கிரீட் தளத்தின் மேல் போடும் மணல்-சிமென்ட் படுகையும் டைல்ஸும் சேர்ந்து பெட்டியின் ஆழத்துக்கு இடம் கொடுத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் தளத்தையே குடைய வேண்டியிருக்கும். நம் தளங்களில் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மூடல் 20 மி.மீ. அளவில்தான் இருக்கும், சுவரும் உத்தரமும் உள்ள இடங்களில் கம்பி தளத்தின் மேற்பகுதியிலேயே ஓடும். கதவுகளோ பெரும்பாலும் அந்தச் சுவரும் உத்தரமும் உள்ள இடங்களில்தான் வருகின்றன. கிரைண்டரை வைத்துக் குடைகிறவருக்குக் கம்பி தட்டுப்பட்டால் அதையும் அறுத்துவிட்டு மேலே போகும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஒரு கதவு மெதுவாக மூட வேண்டும் என்பதற்காகத் தளக்கம்பியை அறுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. இழுத்து இறுக்கிய கம்பிவடங்கள் பதித்த தளமாக இருந்தால் அது உயிராபத்தும்கூட. இடமில்லை என்றால் வேறு வகைக் குளோசருக்குப் போய்விட வேண்டும்.

மேலே கிரானைட் பதிப்பதாக இருந்தால் அதன் தடிமனையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தகடு முடிந்த தரையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்பிண்டில் அதற்கு மேல் சரியான உயரம் எழும்ப வேண்டும். சில தயாரிப்புகளில் நீளமான ஸ்பிண்டிலைத் தனியாக வாங்கி மாற்ற முடியும். இது சின்ன வசதி போலத் தோன்றினாலும், தரை ஒரு அங்குலம் உயர்ந்துவிட்ட கட்டடத்தில் பெட்டியைப் பெயர்த்தெடுப்பதிலிருந்து காப்பாற்றும்.

அடுத்தது தண்ணீர். காலையில் வாசலைக் கழுவிக் கோலமிடுவது நம் வழக்கம். கடைகளிலும் வாளித் தண்ணீரை ஊற்றித்தான் துடைக்கிறார்கள். தரையில் ஒரு குழி இருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். அதனால் இயந்திரத்துக்கும் சிமென்ட் பெட்டிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் மெழுகு அல்லது அடைப்புப் பசை கொண்டு நிரப்ப வேண்டும். வெளிவாசலாக இருந்தால் தரைச் சாய்வு பெட்டியை விட்டு விலகிச் செல்லும்படி இருக்க வேண்டும். தண்ணீரைவிடக் கொடியது டைல்ஸ் வேலை முடிந்ததும் தரையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆசிட். அது தகட்டின் இடுக்கில் இறங்கி, கதவு புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே உள்ளிருக்கும் திருகுகளையும் வார்ப்பிரும்பு உடலையும் அரிக்கத் தொடங்கிவிடுகிறது. பெட்டியை மட்டும் முதலில் பதித்து, ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்த பிறகு இயந்திரத்தை உள்ளே இறக்குவது எளிய தீர்வு. கடற்கரை ஊர்களில் மூடித் தகடு 316 வகை எவர்சில்வராக இருந்தால் நல்லது. 304 வகை உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

பொருத்தும் நாள்

தேர்வு எத்தனை சரியாக இருந்தாலும், மேற்குடுமியான மேல் பிவட்டும் கீழ் ஸ்பிண்டிலும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாவிட்டால் எல்லாம் வீண். ஒரு வயதான கண்ணாடி வேலைக்காரர் இதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். லேசர் கருவி அவரிடமும் இருந்தது. ஆனாலும் மேல் பிவட்டின் மையத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். குண்டின் ஆட்டம் அடங்கும்வரை குந்தியபடி காத்திருந்தார். கூர்முனை ஸ்பிண்டிலின் மையத்துக்கு இரண்டு நூல் விலகி நின்றது. பெட்டிக்குள் இயந்திரத்தை இப்படியும் அப்படியும் நகர்த்த நான்கு பக்கமும் திருகுகள் இருந்தன. முனை மையத்தில் நிற்கும்வரை அவற்றை மாறி மாறித் தளர்த்தியும் இறுக்கியும் வந்தார். பிறகு ரசமட்டத்தை ஸ்பிண்டிலின் தலையில் இரு திசையிலும் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி வைத்தது அதற்குப் பிறகுதான். அரை மணி நேர வேலை அது. அந்த அரை மணி நேரத்தைச் சேமிக்கும் இடங்களில் கதவின் முனை சில மாதங்களில் தரையை உரசத் தொடங்குகிறது.

இப்படி நகர்த்திச் சரிசெய்யும் வசதி எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றிக் கடினப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் நொறுங்கிவிடும். ஆகவே கண்ணாடியின் மூலையைக் கவ்விப் பிடிக்கும் பேட்ச் ஃபிட்டிங் உட்காரும் வெட்டு, ஸ்பிண்டில் ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. என்பது உட்பட, எல்லா அளவுகளும் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கதவு ஒருபக்கம் மட்டும் திறப்பதா, இருபக்கமும் திறப்பதா என்பதை இடம் தானே சொல்லிவிடும். 90 டிகிரியில் அப்படியே நிற்கும் வசதி கடைகளுக்கும் சரக்கு இறக்கும் வாசல்களுக்கும் பயன்படும். தீத்தடுப்புக் கதவில் மட்டும் அந்த வசதி அறவே கூடாது. அந்தக் கதவு எந்த நிலையிலிருந்தும் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். ஈஎன் 1154 அதற்குக் குறைந்தது அளவு 3 வேண்டும் என்கிறது. கதவு 90 டிகிரியைத் தாண்டிச் சுவரில் மோதாதபடி தரையிலோ சுவரிலோ தனியாக ஒரு தடுப்பு வைக்க வேண்டும். அந்தத் தடுப்பு ஸ்பிண்டிலுக்கு அருகில் இருந்தால் அதுவே நெம்புகோலின் தாங்கியாகி ஸ்பிண்டிலை வளைக்கும். கதவின் கைப்பிடிப் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும்.

எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்விக்கு, எத்தனை முறை திறக்கப்படும் என்பதே விடை. ஈஎன் 1154 சோதனையில் குளோசர் 5 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். நாளுக்கு 50 முறை திறக்கும் அலுவலகத்தில் அது 27 ஆண்டுக்கும் மேலான கணக்கு. நாளுக்கு 1000 முறை திறக்கும் தியாகராய நகர்க் கடையில் அது 500 நாள். இரண்டுக்கும் ஒரே பொருளை வாங்குவதில் பொருளில்லை. நெரிசல் மிகுந்த வாசலில் பகல் முழுவதும் கதவைத் திறந்து நிறுத்துவதோ, தானியங்கி நகரும் கதவுக்குப் போவதோ, ஃப்ளோர் ஸ்பிரிங்கை ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்றும் செலவை ஒப்புக்கொள்வதோதான் நேர்மையான வழி.

சாதாரண மர உள்கதவுக்கு ஃப்ளோர் ஸ்பிரிங் தேவையே இல்லை என்பது என் கருத்து. மூன்று நல்ல கீல்களும் மேலே ஒரு குளோசரும் செலவிலும் பழுதுபார்ப்பிலும் எளியவை. தரையைத் தொட முடியாத இடத்தில் கண்ணாடிக் கதவு வேண்டுமென்றால், கீழ்ப்பட்டைக்குள்ளேயே ஸ்பிரிங்கும் எண்ணெயும் அடங்கிய ஹைட்ராலிக் பேட்ச் ஃபிட்டிங்குகள் இப்போது கிடைக்கின்றன. இலேசான கதவுக்கு அவை போதும். கனமான, நெரிசலான வாசலுக்கு ஃப்ளோர் ஸ்பிரிங்கின் உறுதி அவற்றில் இல்லை.

மாற்றும் நாள் ஒன்று வரும் என்பதையும் வாங்கும் நாளிலேயே எண்ண வேண்டும். தகட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு வளையம் தெரிவதும், வால்வை எத்தனை மூடினாலும் கதவு படாரென்று அடிப்பதும், எண்ணெய் கசிந்துவிட்டதன் அடையாளம். பெரும்பாலான மாதிரிகளில் அதற்குப் பழுதுபார்ப்பு இல்லை. இயந்திரத்தையே மாற்ற வேண்டும். பெட்டியின் நீளமும் அகலமும் ஸ்பிண்டில் தலையின் வடிவமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. அதே அளவில் மாற்று கிடைத்தால் பழைய சிமென்ட் பெட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம். கிடைக்காவிட்டால் கிரானைட்டை உடைக்க வேண்டும். ஆகவே மாதிரி எண்ணையும், பெட்டியின் அளவையும், ஸ்பிண்டில் வடிவத்தையும் கட்டடக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கதவை 90 டிகிரி திறந்து கையை விட்டு நொடிகளை எண்ணுங்கள். பிறகு 20 டிகிரி மட்டும் திறந்து கையை விடுங்கள். ஸ்பிரிங்கின் உண்மையான வலிமை அங்கேதான் தெரியும், ஏனெனில் ஓடிவரும் வேகம் அங்கே கதவுக்குத் துணை நிற்காது. இதைக் குளிர்சாதனம் ஓடும்போது ஒரு முறையும், அது நின்றிருக்கும்போது ஒரு முறையும் செய்ய வேண்டும். வால்வைத் திருப்ப வேண்டியிருந்தால் ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. முழுதாகக் கழற்றினால் எண்ணெய் வெளியே வந்துவிடும். இரண்டு சோதனையிலும் கதவு சரியாக நின்ற பிறகு, வால்வுகளின் நிலையை மூடித் தகட்டின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் தேதியோடு குறித்துவிட்டுத் தகட்டை மூடினால், அடுத்து வரும் பணியாளர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.